வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்ய நான்கு முறைகள்: யாருக்கு எது?

பள்ளியில் ஒரு முறை சொல்லித்தருகிறார்கள். டியூஷனில் வேறொன்று. வீடியோவில் 'பத்தே விநாடியில்' என்று இன்னொன்று. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, தேர்வில் எதை வைத்துத் தொடங்குவது என்று தெரியாமல் விழிப்பவர்கள் நிறைய. 'எதைக் கற்றால் போதும்?' என்று மாணவர்களும் கேட்கிறார்கள், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரும் பெற்றோரும் கேட்கிறார்கள்.

என் கணக்கில் இரண்டு கைவசம் இருந்தால் போதும்: எண்ணிப் பார்க்கும் முறை, அயனி-எலக்ட்ரான் முறை. ஆக்சிஜனேற்ற எண் முறையும் இயற்கணித முறையும் வேண்டாதவை அல்ல. அவை ஜெயிக்கும் இடங்கள் உண்டு, ஆனால் குறைவு.

தொடங்கும் முன் ஒன்று. சமன்பாடுகளை இங்கே பெயர்களாகவே எழுதுகிறேன். ஒரு தாளில் வாய்பாடுகளை நீங்களே எழுதிக்கொண்டு கூடவே வாருங்கள். பெயரைப் பார்த்து வாய்பாட்டைத் தப்பில்லாமல் எழுத வரவில்லையென்றால் நான்கில் எந்த முறையும் கைகொடுக்காது. அலுமினியம் சல்பேட்டில் எத்தனை சல்பேட் என்பதே தடுமாறினால், அதை முதலில் சரிசெய்துகொண்டு அப்புறம் இங்கே வருவது நல்லது.

## எதை வைத்து ஒப்பிடுவது

வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு மாறாது என்று 1789-லேயே லவாய்சியர் எழுதிவைத்தார். அதனால்தான் இரு பக்கமும் அணுக்களை எண்ணுகிறோம். ஆனால் மாறாத இன்னொன்றும் இருக்கிறது: மின்சுமை. ஒரு தாமிர அணு, ஒரு வெள்ளி அயனி இடப்பக்கம். ஒரு தாமிர அயனி, ஒரு வெள்ளி அணு வலப்பக்கம். அணுக்களை எண்ணினால் எல்லாம் சரி. மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள்: இந்தப் பக்கம் +1, அந்தப் பக்கம் +2. சமன் ஆகவில்லை. வெள்ளி இரண்டு வேண்டும். இந்தச் சின்ன உதாரணத்தை மனதில் வையுங்கள், கீழே வரும் சண்டை முழுக்க இதைப் பற்றித்தான்.

அதனால் வேகத்தை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நான் பார்ப்பவை இவை:

- எவ்வளவு முன்னறிவு கேட்கிறது?
- தாளில் எவ்வளவு நேரம் எடுக்கிறது?
- விடை கட்டாயம் வருமா, நடுவில் சிக்கிக்கொள்வோமா?
- தவறு நேர்ந்தால் அது தெரியுமா, சத்தமில்லாமல் போய்விடுமா?
- கணக்கு முடிந்ததும் வினையைப் பற்றி ஏதாவது புரிந்திருக்கிறதா?

நான்காவதுதான் முக்கியம். சிக்கிக்கொண்டால் நேரம்தான் போகும். தப்பான விடை சரியான விடை மாதிரியே தெரிந்தால் மதிப்பெண் போகும், ஆய்வகமாக இருந்தால் கரைசலின் செறிவே தப்பாக வரும்.

| முறை | முன்னறிவு | வேகம் | எப்படித் தவறும் | பொருத்தமான இடம் |
|---|---|---|---|---|
| எண்ணிப் பார்த்தல் | மிகக் குறைவு | எளிய வினைகளில் மிக வேகம் | சுற்றிச் சுற்றி வந்து சிக்கும் | எரிதல், சிதைவு, நடுநிலையாக்கல், வீழ்படிவு |
| ஆக்சிஜனேற்ற எண் | விதிகளும் விதிவிலக்குகளும் | நடுத்தரம் | அணு எண்ணிக்கையை மறந்தால் முழுதும் பிசகும் | முழு வாய்பாட்டில் தந்த ரெடாக்ஸ் (எலக்ட்ரான் கைமாறும்) வினைகள் |
| அயனி-எலக்ட்ரான் | அயனிகளின் வாய்பாடும் மின்சுமையும் | பழகினால் வேகம் | மின்சுமைக் கூட்டல் உடனே காட்டிக்கொடுக்கும் | கரைசலில் நடக்கும் ரெடாக்ஸ் வினைகள் |
| இயற்கணிதம் | நேரியல் சமன்பாடுகள் | மெதுவு | சில வினைகளில் சத்தமில்லாமல் தப்பான விடை தரும் | வேறெதுவும் பிடிபடாத பெரிய சமன்பாடுகள் |

## எண்ணிப் பார்க்கும் முறை

எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள், தொடங்கவும் வேண்டும். ஒரு பக்கம் ஒரு எண்ணைப் போடு, மறுபக்கம் சரிபார், தேவைப்பட்டால் மாற்று. அவ்வளவுதான் முறை. ஆனால் எந்தத் தனிமத்தில் தொடங்குகிறோம் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதைத்தான் பல வகுப்புகளில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

தனித் தனிமமாக நிற்கும் பொருளைக் கடைசிக்கு வையுங்கள். பியூட்டேன் எரிவதை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் தனியாக நிற்கிறது, அதன் முன்னால் எந்த எண்ணைப் போட்டாலும் கார்பனோ ஹைட்ரஜனோ கலையாது. முதலில் கார்பன்: 4 கார்பன் டை ஆக்சைடு. அப்புறம் ஹைட்ரஜன்: 10 இருக்கிறது, எனவே 5 நீர். இப்போது வலப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் 8 + 5 = 13. இடப்பக்கம் ஆறரை ஆக்சிஜன் மூலக்கூறு. பின்னம் வந்துவிட்டதே என்று பதறி அழிக்க வேண்டாம். எல்லாவற்றையும் 2-ஆல் பெருக்குங்கள்:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

ஆக்சிஜனில் தொடங்கியிருந்தால் இது ஒரு பக்கம் நிறைய அழித்து எழுதும் வேலை. சல்பேட், பாஸ்பேட், நைட்ரேட் போன்ற தொகுதிகள் இரு பக்கமும் கலையாமல் இருந்தால் அவற்றை ஒரே பொருளாக எண்ணுவது இன்னொரு சுருக்கு வழி.

சரி, மறைமுகச் செலவு என்ன? இரண்டு. ஒன்று, எண் ஒத்துவராதபோது வாய்பாட்டிலேயே கைவைக்கும் ஆசை வரும். நீரில் ஓர் ஆக்சிஜன் குறைகிறதா, கீழே சின்னதாக ஒரு 2 போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டால் அது நீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. கணக்கு சமன் ஆகிவிடும், வினை மாறிவிடும்.

இரண்டாவது, இந்த முறைக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் தாமிரம் கரைந்து காப்பர் நைட்ரேட், நைட்ரிக் ஆக்சைடு, நீர் ஆகியவை வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் 1 போட்டுத் தொடங்குகிறீர்கள். வலப்பக்கம் நைட்ரஜன் மூன்று, ஆகவே 3 நைட்ரிக் அமிலம். ஹைட்ரஜன் மூன்று, ஆகவே ஒன்றரை நீர். ஆக்சிஜனை எண்ணினால் இடப்பக்கம் 9, வலப்பக்கம் எட்டரை. அரை ஆக்சிஜன் மிச்சம். அதைச் சரிசெய்ய நீரைக் கூட்டினால் ஹைட்ரஜன் போச்சு, அமிலத்தைக் கூட்டினால் நைட்ரஜன் போச்சு. நைட்ரஜன் இரண்டு விளைபொருள்களில் பிரிந்து உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். பொறுமையாகத் துழாவினால் விடை கிடைக்கும், ஆனால் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

எப்போது இதுவே போதும்: எரிதல், அமிலம்-காரம், வீழ்படிவு போன்ற எளிய வினைகள். உயர்நிலைப் பள்ளி வரை வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

## ஆக்சிஜனேற்ற எண் முறை

ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாக அல்லது ஏற்றதாகக் கணக்கிடுகிறோம் என்பதைக் காட்டுவதுதான் ஆக்சிஜனேற்ற எண். எலக்ட்ரானை இழப்பது ஏற்றம், ஏற்பது ஒடுக்கம். மேலே சிக்கிய தாமிரத்தை இதில் போட்டுப் பார்க்கலாம். தாமிரம் 0-விலிருந்து +2-க்குப் போகிறது: 2 எலக்ட்ரான் இழப்பு. நைட்ரிக் ஆக்சைடாக மாறும் நைட்ரஜன் +5-லிருந்து +2-க்கு இறங்குகிறது: 3 எலக்ட்ரான் ஏற்பு. இழப்பும் ஏற்பும் ஒன்றாக வேண்டுமென்றால் 3 தாமிரத்துக்கு 2 நைட்ரிக் ஆக்சைடு. மூன்று காப்பர் நைட்ரேட்டில் ஆறு நைட்ரேட் இருக்கின்றன. ஆக மொத்தம் நைட்ரஜன் 2 + 6 = 8. மீதி தானாக விழும்:

3 தாமிரம் + 8 நைட்ரிக் அமிலம் → 3 காப்பர் நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர்

இந்த 8 என்ற எண் இப்போது பேசுகிறது. எட்டு அமிலத்தில் இரண்டுதான் தாமிரத்தின் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டன. மற்ற ஆறின் நைட்ரேட் எந்த மாற்றமும் இல்லாமல் உப்பில் போய்ச் சேர்ந்தது. எண்ணிப் பார்க்கும் முறையில் இது தெரியவே தெரியாது.

பலரும் சறுக்குவதும் இதே இடத்தில்தான். 'நைட்ரஜனுக்கு 2' என்று வந்தவுடன் அந்த 2-ஐ நைட்ரிக் அமிலத்தின் முன்னால் போட்டுவிடுகிறார்கள். போட வேண்டியது ஒடுக்கமடைந்த விளைபொருளின் முன்னால்.

இன்னொரு பொறி, வாய்பாட்டில் அந்த அணு எத்தனை இருக்கிறது என்பது. டைகுரோமேட்டில் குரோமியம் +6-லிருந்து +3-க்கு வருகிறது. மாற்றம் 3 என்று எழுதிவிட்டுப் போனால் போச்சு. உள்ளே இருப்பது இரண்டு குரோமியம், ஆக மொத்தம் 6.

இதன் உண்மையான செலவு விதிவிலக்குகள். ஆக்சிஜன் −2 என்று மனப்பாடம் செய்திருப்போம், பெராக்சைடில் அது −1. ஹைட்ரஜன் +1, உலோக ஹைட்ரைடில் −1. இரும்பு பைரைட்டில் சல்பர் −1. டெட்ராதயோனேட்டில் கணக்குப் போட்டால் சல்பருக்குச் சராசரி இரண்டரை வருகிறது. தப்பில்லை, ஆனால் பார்த்தவுடன் நாமே நம்மைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவோம். அப்புறம் சூடான காரத்தில் குளோரின் போல ஒரே பொருள் ஏற்றமும் ஒடுக்கமும் அடையும் வினைகளும் இருக்கின்றன. அங்கே குளோரினை இரண்டு தடவை தனித்தனியாக எழுதிக்கொண்டு, ஒன்றை ஏற்றத்துக்கும் மற்றதை ஒடுக்கத்துக்கும் வைத்துக் கணக்கை முடித்து, கடைசியில் சேர்க்க வேண்டும்.

எப்போது இது சிறந்தது: கேள்வியில் அயனிகள் இல்லாமல் முழு வாய்பாடாகவே தந்து, விடையையும் அப்படியே கேட்கும்போது. பாடத்திட்டம் இந்த முறையில்தான் செய் என்று சொன்னால் வேறு பேச்சே இல்லை.

## அயனி-எலக்ட்ரான் முறை

பார்ப்பதற்கு நீளம். அதனாலேயே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பிடித்த முறை, காரணத்தைச் செய்துகாட்டியே சொல்கிறேன்.

அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட் அயனி, +2 இரும்பை +3 இரும்பாக மாற்றுகிறது. வினையை இரண்டு அரைவினைகளாகப் பிரிக்கிறோம்: எலக்ட்ரானை வாங்கும் பாதி ஒன்று, தரும் பாதி ஒன்று.

பெர்மாங்கனேட் பாதி: மாங்கனீஸ் இரு பக்கமும் ஒன்று, சரி. இடப்பக்கம் 4 ஆக்சிஜன் இருக்கிறது, வலப்பக்கம் 4 நீர் போடு. அதனால் வலப்பக்கம் 8 ஹைட்ரஜன் வந்துவிட்டது, இடப்பக்கம் 8 ஹைட்ரஜன் அயனி போடு. இப்போது மின்சுமை: இடப்பக்கம் −1 + 8 = +7, வலப்பக்கம் +2. வித்தியாசம் 5. எனவே இடப்பக்கம் 5 எலக்ட்ரான்.

இரும்புப் பாதி: +2 இரும்பு, +3 இரும்பாகவும் ஓர் எலக்ட்ரானாகவும்.

இரும்புப் பாதியை 5-ஆல் பெருக்கிச் சேர்த்தால் எலக்ட்ரான்கள் அடிபட்டுப்போகும்:

பெர்மாங்கனேட் + 8 ஹைட்ரஜன் அயனி + 5 (+2 இரும்பு) → +2 மாங்கனீஸ் + 4 நீர் + 5 (+3 இரும்பு)

சரிபார்ப்போம். இடப்பக்கம் −1 + 8 + 10 = +17. வலப்பக்கம் 2 + 15 = +17. முடிந்தது.

ஓரிடத்திலாவது ஆக்சிஜனேற்ற எண் கண்டுபிடித்தோமா? இல்லை. ஐந்து எலக்ட்ரான் என்பது மின்சுமையிலிருந்து தானாக வந்தது. விதிவிலக்குப் பட்டியல் எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தயோசல்பேட் அயோடினோடு வினைபுரிந்து டெட்ராதயோனேட் ஆகும்போது அந்த இரண்டரைக் குழப்பம் இங்கே வரவே வராது: 2 தயோசல்பேட்டின் மின்சுமை −4, 1 டெட்ராதயோனேட்டின் மின்சுமை −2, ஆகவே வெளியேறியது 2 எலக்ட்ரான். கடைசியில் வரும் மின்சுமைக் கூட்டல் இலவசச் சரிபார்ப்பு. எலக்ட்ரான் கணக்கில் பிசகினால் அது பெரும்பாலும் அங்கே வந்து நிற்கும். மற்ற முறைகளில் இந்த வசதியை நாமே தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காரக் கரைசலென்றால் பயப்பட ஒன்றுமில்லை. அமிலக் கரைசல் போலவே முடித்துவிட்டு, எத்தனை ஹைட்ரஜன் அயனி இருக்கிறதோ அத்தனை ஹைட்ராக்சைடு அயனியை இரு பக்கமும் சேருங்கள். ஒரு பக்கம் அவை இணைந்து நீராகும். இரு பக்கமும் பொதுவாக உள்ள நீரைக் கழித்துவிடுங்கள்.

செலவும் உண்டு. முழு வாய்பாட்டில் விடை கேட்டால் திரும்பி வரும் பயணம் ஒன்று மிச்சமிருக்கும். பொட்டாசியமும் சல்பேட்டும் எங்கே போயின என்று பார்க்க வேண்டும். ஃபெரிக் சல்பேட்டில் இரும்பு இரண்டிரண்டாகத்தான் வரும், நம்மிடம் இருப்பதோ ஐந்து. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினால்:

2 பொட்டாசியம் பெர்மாங்கனேட் + 10 ஃபெரஸ் சல்பேட் + 8 சல்பூரிக் அமிலம் → 1 பொட்டாசியம் சல்பேட் + 2 மாங்கனஸ் சல்பேட் + 5 ஃபெரிக் சல்பேட் + 8 நீர்

தவிர, அயனியே இல்லாத இடத்தில் இதைக் கொண்டுபோய் வைப்பது வீண் வேலை. தாது வறுத்தல், வாயுக்களின் வினை போன்றவற்றில் ஹைட்ரஜன் அயனியையும் நீரையும் கற்பனையாக நுழைத்துப் பின்னால் நீக்கலாம், கணக்கு வரும், ஆனால் வினையின் படம் பொய்யாகிவிடும்.

எப்போது சிறந்தது: தரம்பார்த்தல் (செறிவு தெரிந்த கரைசலை வைத்துத் தெரியாத செறிவை அளப்பது), மின்வேதியியல், கரைசலில் நடக்கும் எந்த ரெடாக்ஸ் வினையும். மின்கல அழுத்தம், ஃபாரடே விதிக் கணக்குகள் படிக்கப்போகிறவர்களுக்கு அரைவினை எப்படியும் தேவைப்படும். அதை இப்போதே பழகிவிட்டால் பின்னால் இரட்டை வேலை இல்லை.

## இயற்கணித முறை

வேதியியலே தெரியாமல் வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்யலாம் என்பது இதன் பெருமை. அதுவேதான் இதன் ஆபத்தும்.

இரும்பு பைரைட்டை வறுப்பதை எடுத்துக்கொள்வோம். அ பைரைட் + ஆ ஆக்சிஜன் → இ ஃபெரிக் ஆக்சைடு + ஈ சல்பர் டை ஆக்சைடு. தனிமத்துக்கு ஒரு வரி:

இரும்பு: அ = 2இ
சல்பர்: 2அ = ஈ
ஆக்சிஜன்: 2ஆ = 3இ + 2ஈ

இ = 1 என்று வைத்தால் அ = 2, ஈ = 4, ஆ = ஐந்தரை. இரட்டிப்பாக்கினால் 4, 11, 2, 8. சல்பரின் ஆக்சிஜனேற்ற எண் என்ன என்ற யோசனையே இல்லாமல் விடை வந்துவிட்டது. இங்கே இது மற்ற முறைகளை அனாயாசமாக வெல்கிறது.

பொட்டாசியம் ஃபெரோசயனைடு, பொட்டாசியம் பெர்மாங்கனேட், சல்பூரிக் அமிலம் சேரும் ஒரு புகழ்பெற்ற புதிர்ச் சமன்பாடு இருக்கிறது. பொட்டாசியம் பைசல்பேட், ஃபெரிக் சல்பேட், மாங்கனஸ் சல்பேட், நைட்ரிக் அமிலம், கார்பன் டை ஆக்சைடு, நீர் என ஆறு விளைபொருள்கள். விடை: இடப்பக்கம் 10, 122, 299, வலப்பக்கம் 162, 5, 122, 60, 60, 188. எண்ணிப் பார்த்து 299-ஐக் கண்டுபிடிப்பேன் என்று கிளம்புகிறவரைக் கும்பிட்டு அனுப்பிவைக்கலாம். இயற்கணிதத்தில் எட்டு தனிமம், ஒன்பது அறியாத எண். நேரம் பிடிக்கும், ஆனால் விடை நிச்சயம்.

இனி ஆபத்து. அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து பொட்டாசியம் சல்பேட், மாங்கனஸ் சல்பேட், நீர், ஆக்சிஜன் தருகின்றன. சரியான விடையில் 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 பெராக்சைடு, 3 அமிலம். வலப்பக்கம் 1 பொட்டாசியம் சல்பேட், 2 மாங்கனஸ் சல்பேட், 8 நீர், 5 ஆக்சிஜன். இப்போது பெராக்சைடை 1 என்றும், நீரை 4 என்றும், ஆக்சிஜனை 3 என்றும் மாற்றிவிட்டு அணுக்களை எண்ணிப் பாருங்கள். ஆக்சிஜன் இடப்பக்கம் 8 + 2 + 12 = 22, வலப்பக்கம் 4 + 8 + 4 + 6 = 22. ஹைட்ரஜன் 8-க்கு 8. எல்லாம் பொருந்துகிறது! ஆனால் வேதியியலாக இது தப்பு.

ஐந்து தனிமம், ஏழு அறியாத எண். ஓர் எண் கூடுதலாக இருப்பது இயல்பு, விகிதம்தானே கேட்கிறோம். இரண்டு கூடுதலாக இருந்தால் விடை ஒன்றல்ல, எண்ணற்றவை. பெராக்சைடு தானாகச் சிதைந்து நீரும் ஆக்சிஜனும் தரும் வினையை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் இதோடு கூட்டிக்கொள்ளலாம், அணுக் கணக்கு கெடாது. எது உண்மை என்று எலக்ட்ரான்தான் சொல்லும்: பெர்மாங்கனேட் ஒன்று 5 எலக்ட்ரான் வாங்கும், பெராக்சைடு ஒன்று 2 எலக்ட்ரான் தரும், ஆகவே 2-க்கு 5.

இந்தப் பொறியில் விழாமலிருக்க, அறியாத எண்களையும் தனிமங்களையும் முதலிலேயே எண்ணிவிடுங்கள். வித்தியாசம் ஒன்றுக்கு மேல் என்றால் இயற்கணிதத்தை மூடிவைத்துவிட்டு அயனி-எலக்ட்ரானுக்கு வாருங்கள்.

## ஆப்பில் போட்டுவிட்டால் என்ன?

சமன்செய்து தரும் கணிப்பான்களின் அடியில் பொதுவாக ஓடுவது மேலே சொன்ன இயற்கணிதம்தான். அதன் பலமும் பலவீனமும் அப்படியே இங்கும் வரும். தங்கமும் நீரும் சேர்ந்து தங்க ஆக்சைடும் ஹைட்ரஜனும் வருகிறது என்று கொடுத்தால் 2, 3, 1, 3 என்று சமன்செய்து கொடுத்துவிடும். தங்கம் நீரோடு வினைபுரியாது என்பது அதன் கவலை இல்லை. ஏஐ அரட்டைச் செயலிகள் விளக்கம் அழகாகத் தரும், ஆனால் எண்களை நீங்களே ஒரு தடவை கூட்டிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். கையால் செய்துவிட்டுச் சரிபார்க்க ஆப் நல்லது. முதலிலேயே திறந்தால் பழக்கம் வராது.

## எந்த வரிசையில் கற்பது

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் எண்ணிப் பார்க்கும் முறை மட்டும். பின்னத்தைப் பயமில்லாமல் கையாள வரும் வரை வேறெதையும் தொட வேண்டாம். ரெடாக்ஸ் பாடம் வந்ததும் நேரே அயனி-எலக்ட்ரான். பாடத்திட்டம் கேட்டால் ஆக்சிஜனேற்ற எண் முறையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாலும் ஒரே வினையைச் செய்து ஒப்பிட்டால் இரண்டும் சேர்ந்து பிடிபடும். இயற்கணிதம், கணக்கு பிடித்தவர்களுக்கும் போட்டித் தேர்வுக்காரர்களுக்கும். தேர்வில் எதைக் கண்டாலும் எண்ணிப் பார்ப்பதில் தொடங்கலாம், ஆனால் ஒரே எண்ணை இரண்டாவது தடவை அழிக்க நேர்ந்தால் அங்கேயே விட்டுவிட்டு முறையை மாற்றுங்கள்.

பழகிப் பார்க்க ஒன்று: அமிலக் கரைசலில் டைகுரோமேட் அயனி +2 இரும்பை +3 இரும்பாக மாற்றி, தான் +3 குரோமியம் ஆகிறது. அரைவினைகளாகப் பிரித்துச் செய்யுங்கள். டைகுரோமேட் 1, ஹைட்ரஜன் அயனி 14, இரும்பு 6. வலப்பக்கம் குரோமியம் 2, இரும்பு 6, நீர் 7 என்று வர வேண்டும். மின்சுமை இரு பக்கமும் +24.